கன்னங்குறிச்சி வீடா, பிஎம்டபிள்யூவா?

நண்பரே, பிஎம்டபிள்யூவை விற்க மனம் வரவில்லை, சேலம் கன்னங்குறிச்சியில் பார்த்த 60 லட்ச ரூபாய் வீட்டையும் விட முடியவில்லை, கையில் 10 லட்சம் இருக்கிறது என்கிறீர்கள். காரை விற்றுவிடுங்கள்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம். ரிசர்வ் வங்கியின் விதி இது. மீதி 12 லட்சம் உங்கள் பொறுப்பு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று இன்னும் 5.4 லட்சம் ஆகும். இந்தச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. ஆக, உங்களுக்கு 7.4 லட்சம் குறைகிறது. அதற்குத் தனிநபர் கடன் மட்டும் வாங்கிவிடாதீர்கள், இரண்டு தவணைகள் சேர்ந்து சம்பளத்தை விழுங்கிவிடும். காரை 11 லட்சத்துக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறாரே, அதுவே போதும்.

விடியற்காலையில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தக் காரை ஓட்டும் சுகம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் காரின் விலை ஆண்டுதோறும் இறங்கும்; நீங்கள் கொடுக்கும் வாடகை இறங்காது.

முன்பணம் கொடுக்கும் முன் சொத்தின் விற்பனை, அடமானப் பதிவுகளைக் காட்டும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழைப் பாருங்கள். பட்டா விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.