தொட்டால் சிணுங்கும் பொம்மை: பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. தோழி வீட்டில் ஃபர்பி பொம்மையைப் பார்த்ததிலிருந்து, தொட்டால் பேசும், கண் சிமிட்டும் பொம்மைதான் வேண்டும் என்று ஒரே அடம். பாரிமுனையில் ஒரு கடையில் அதே மாதிரி ஒன்றைக் கால்வாசி விலைக்குத் தருகிறார்கள். பில் கேட்டால், "ஜி.எஸ்.டி. தனியாகச் சேரும்" என்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பில் தராத கடையில் வாங்காதீர்கள், அம்மா. பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யிலேயே எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. எம்.ஆர்.பி.யே அச்சிடாத பெட்டி என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து ஐ.எஸ்.ஐ. முத்திரை. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம், வெளிநாட்டுச் சரக்கானாலும் சரி. பேட்டரி பொம்மை என்றால் முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 15644 என்றும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். முத்திரையைப் போலியாக அச்சடிப்பது பெரிய வேலை இல்லை. அதனால், இந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டு, வரும் கம்பெனி பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்த எனக்குக் காரணம் உண்டு. ஈவினிங் பஜாரில் ஒரு குரைக்கும் நாய்க்குட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வயிற்றில் இருந்த பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூவே இல்லை. நகத்தால் நெம்பியதும் திறந்துகொண்டு, மூன்று பட்டன் பேட்டரிகள் என் உள்ளங்கையில் விழுந்தன. ஒரு குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று காத்திருக்காமல், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ ஓடுங்கள். வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருந்தால் ஸ்க்ரூ இல்லாத பொம்மையை வாசற்படி ஏற்றவே வேண்டாம்.

இனி, எந்தப் பொம்மை? 1998-இல் முதல் ஃபர்பி வந்தபோது, நாம் பேசப் பேச அது கற்றுக்கொள்கிறது என்று பலரும் நம்பினார்கள். உண்மையில், நாளாக ஆக ஆங்கில வார்த்தைகள் கூடி வரும்படி அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். இப்போது வருபவற்றிலும் பல, ஆங்கிலக் கட்டளைக்குத்தான் அசையும். உங்கள் மகள் "இங்க வாடா செல்லம்" என்று தமிழில் கொஞ்சிவிட்டு ஏமாந்து நிற்கக் கூடாது. தட்டிக் கொடுத்தால், தடவினால் அசையும் வகையே இந்த வயதுக்குப் பொருத்தம். 1996-இல் ஜப்பானில் பண்டாய் கொண்டுவந்த தமகோச்சி போன்ற முட்டை வடிவப் பொம்மையில், சின்னத் திரையில் தெரியும் செல்லப்பிராணிக்குப் பொத்தானை அழுத்தி வேளாவேளைக்குச் சோறு ஊட்ட வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். பள்ளி நேரத்தில் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும். பத்து வயதுக்கு மேல் வாங்கித் தரலாம்.

கடையிலேயே பேட்டரி போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காதருகே வைத்துச் சத்தத்தைக் கேளுங்கள். அணைக்கும் பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: பேசும் பூனை மூன்றாம் நாளே ஊமையாகிவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார் கடைக்காரர்.
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: அந்த வரி பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. புது பேட்டரி போட்டும் பூனை பேசாததை வீடியோ எடுத்து வையுங்கள். பில்லையும் இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், கடைகளில் தரும் வழவழப்பான தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.