மாணவர் காணொளிகளில் கிரீன் ஸ்கிரீன் முயற்சி செய்யும்போது ஆளின் ஓரங்களில் பச்சை தங்கிவிடுகிறது. எந்த மென்பொருள் அதைச் சரிசெய்யும்?

மென்பொருளை மாற்றுவதற்கு முன் விளக்குகளை இடம் மாற்றிப் பாருங்கள். மாணவர்களுக்குக் காணொளித் தயாரிப்பு கற்பிப்பவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, ஓரத்தில் பச்சை தங்கும் காட்சிகளில் பெரும்பாலானவை எடிட்டிங்குக்கு வருவதற்கு முன்பே, படப்பிடிப்பிலேயே கெட்டுவிடுகின்றன.

கிரீன் ஸ்கிரீன் என்பது பச்சைத் துணிக்கு முன் ஆளைப் படமெடுத்து, பிறகு மென்பொருளில் பச்சையை நீக்கி வேறு பின்னணியைச் சேர்ப்பது. அந்தத் துணியில் படும் ஒளி எதிரொளித்து, முன்னால் நிற்பவரின் தோளிலும் கூந்தலிலும் பச்சையாகப் படிகிறது. அவரைத் துணியிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டராவது முன்னே நிறுத்தினால் அந்தப் படிவு வெகுவாகக் குறையும்; அவருடைய நிழல் துணியில் விழாது, துணியின் சுருக்கங்களும் ஃபோகஸுக்கு வெளியே போய் மங்கிவிடும். துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு என்று பிரித்து, துணி முழுவதும் ஒரே அளவில் ஒளிருமாறு அமைக்க வேண்டும். கைப்பேசியில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரையும் (ஒளியளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) தானாக மாறாதபடி கட்டாயம் பூட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடிப்பவர் அசையும்போதெல்லாம் துணியின் பச்சையும் மாறிக்கொண்டே இருக்கும், நீக்க வேண்டிய பச்சை என்று முதல் ஃபிரேமில் சரியாகச் செய்த தேர்வு பத்தாவது விநாடியில் பொருந்தாது.

அடுத்த காரணம் கேமரா பதிவுசெய்யும் விதத்தில் இருக்கிறது. வழக்கமான டிஜிட்டல் சென்சாரில் ஒவ்வொரு நான்கு ஒளியுணரிகளில் இரண்டு பச்சைக்கு உரியவை என்பதும், மனிதத் தோலின் நிறத்திலிருந்து பச்சை நன்கு விலகி நிற்பதும் இந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணங்கள். ஆனால் பெரும்பாலான கைப்பேசிகள் 4:2:0 முறையில் பதிவுசெய்வதால், நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவல்தான் மிஞ்சுகிறது. நிறத்தை வைத்தே ஆளைப் பிரிக்கும் மென்பொருளுக்கு அந்தக் குறைவு ஓரங்களில் படிக்கட்டு போலத் தெரிகிறது. 4கே அளவில் எடுத்து 1080பி அளவில் வெளியிட்டால், இறுதிப் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறத் தகவல் கிடைத்துவிடும் என்பதால், செலவில்லாத இந்த வழியை முதலில் முயன்று பார்க்கலாம். வேகமான கையசைவு உள்ள காட்சிகளுக்கு ஷட்டர் வேகத்தை 1/100 விநாடி அளவுக்கு உயர்த்தி, அசைவால் ஓரம் மங்குவதைக் குறைப்பதும் பயன் தரும்.

மென்பொருளைப் பொறுத்தவரை டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் பிளெண்டரும் மாணவர்களுக்குப் போதுமானவை. எதைப் பயன்படுத்தினாலும் மேட்டை, அதாவது எந்தப் பகுதி மிஞ்சும், எது நீங்கும் என்று காட்டும் படத்தை, கருப்பு வெள்ளையில் பாருங்கள்: ஆள் முழு வெள்ளையாகவும் பின்னணி முழுக் கருப்பாகவும் இருக்க வேண்டும், கூந்தல் ஓரத்தில் தெரியும் சாம்பல் நிறத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 1959இல் வெளிவந்த பென்-ஹர் படத்துக்காகப் திரைப்படத் தொழில்நுட்ப வல்லுநர் பெட்ரோ விளாஹோஸ் உருவாக்கிய நிற வேறுபாட்டு முறையின் சிறப்பே, பாதி ஒளி ஊடுருவும் இத்தகைய ஓரங்களைக் காப்பாற்றியதுதான். அந்தச் சாம்பலை அழித்தால் பச்சையோடு கூந்தலும் போய்விடும். அங்கே மிஞ்சும் பச்சையை டீஸ்பில் வசதியால் தனியாக நீக்குவதே முறை.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் காட்சி ஒட்டவைத்ததுபோல் தெரிந்தால், பின்னணியைச் சந்தேகியுங்கள். பின்னணியை முதலில் எடுத்து, கேமரா இருந்த உயரம், லென்ஸின் குவிய நீளம், வெயில் வந்த திசை ஆகிய மூன்றையும் குறித்துவைத்து, அவற்றுக்கு ஏற்பவே பச்சைத் துணியின் முன் கேமராவையும் விளக்கையும் வைக்கும்படி நான் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.