காணிக்கைக்கு முன்னே கூலி: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஞாயிறு ஆராதனையில் அறிக்கையிடுகிற விசுவாசத்தைத் திங்கட்கிழமை முதல் வீட்டிலும் அலுவலகத்திலும் எப்படி வாழ்ந்து காட்டுவது என்பதைப் பற்றியே இருந்தன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்கள் அவர்களுடைய விருப்பப்படி வெளியிடப்படவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கித் துடைத்துக் கொடுக்கும் அம்மா ஒருவர் சம்பளத்தை உயர்த்தித் தரும்படி கேட்கிறார். என் கணவரோ, "தசமபாகம் தவறாமல் கொடுக்கிறோம், மிஷனெரிகளைத் தாங்குகிறோம், கிறிஸ்மஸுக்கு அவருக்குச் சேலையும் எடுத்துக் கொடுக்கிறோம், இதற்கு மேல் என்ன செய்வது?" என்கிறார். கிறிஸ்தவக் குடும்பமாக நாங்கள் எப்படி நடந்துகொள்வது சரி? (ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: தங்கள் கணவர் குறிப்பிடும் மூன்றும் நல்ல காரியங்களே. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அந்த அம்மா கேட்டதற்குப் பதிலாகாது, ஏனெனில் அவர் கேட்பது தர்மம் அன்று, தம் உழைப்புக்கு உரிய விலை. உன்னிடத்தில் அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூர வேண்டும் என்று நம் ஆண்டவர் எடுத்துச் சொன்ன கட்டளை, லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தில் அதற்கு ஐந்து வசனங்கள் முன்னதாக, கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் தங்கியிருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அறுவடையில் வயலின் ஓரங்களை எளியவனுக்கு விட்டுவிட வேண்டும், செவிடனை நிந்திக்கக் கூடாது, குருடனுக்கு முன் தடுக்கல் வைக்கக் கூடாது என்ற கட்டளைகள் எல்லாம் அதைச் சூழ்ந்தே வருகின்றன. பிறனிடத்தில் அன்புகூருவது என்பதற்கு வேதம் முதலில் காட்டும் உருவம் இதுதான். உபாகமம் 24-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், கூலிக்காரன் ஏழை, அவனுடைய ஆவல் அந்தக் கூலியின்மேல் இருக்கிறது, ஆகையால் பொழுது போகுமுன்னே அதைக் கொடுத்துவிடு என்கிறது. யாக்கோபு எழுதிய நிருபத்திலோ, பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் விழுகிறது என்றும் வாசிக்கிறோம்.

ஆகவே காணிக்கைக் கவரில் பணம் வைப்பதற்கு முன்பு இந்தக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள் என்றே சொல்லுவேன். எவ்வளவு உயர்த்துவது என்பதற்குத் தெருவில் மற்றவர்கள் கொடுப்பதை அளவாகக் கொள்ளாதீர்கள், ஏனென்றால் தெரு முழுவதுமே குறைவாகக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் தங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார், வீட்டு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அவருக்கு என்ன செலவாகிறது என்பதை உட்கார வைத்து, மரியாதையாகக் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டா? காய்ச்சலில் படுத்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கிறீர்களா? மே மாதத்தில் நீங்கள் ஊருக்குப் போகும்போது அந்த நாட்களின் சம்பளம் அவருக்குக் கிடைக்கிறதா? தனி டம்ளர் வைத்திருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள். தங்களைவிட மூத்தவராக இருக்கும் அவரைப் பிள்ளைகள் "வா, போ" என்று அழைத்தால் அதைத் திருத்துங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-ஆம் ஆண்டு முதல் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் அவர் பதிவு செய்துகொள்ளப் படிவம் நிரப்பிக் கொடுத்து உடன் சென்று வந்தால், ஓர் ஆசிரியை தம் படிப்பைக் கொண்டு செய்யக்கூடிய அழகான ஊழியமாக அது இருக்கும். கிறிஸ்மஸ் சேலையையும் நிறுத்திவிடாதீர்கள். உரியதைக் கொடுத்தபின் கொடுக்கும்போதுதான் அது அன்பளிப்பு ஆகிறது.

தஞ்சாவூரில் ஊழியம் செய்து 1798-இல் மறைந்த மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமலிருக்க முடியவில்லை. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டை பட்டினியில் வாடியபோது, நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும் அதைச் சுமந்து வரப் பொதிமாடுகள் கிடைக்கவில்லை. அரசரும் கம்பெனியாரும் கூலி தருவதாகச் சொன்ன பேச்சை, முன்பு ஏமாந்திருந்த குடியானவர்கள் நம்ப மறுத்துவிட்டார்கள். ஐயர் தாமே கூலிக்குப் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த பிறகு, ஓரிரு நாட்களிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன, கோட்டைக்குள் நெல்லும் வந்தது, பேசியபடி கூலியும் கொடுக்கப்பட்டது. அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் அவருடைய பிரசங்கத்தை ஏற்றவர்கள் அல்லர். ஆனால் அவர் கூலியைப் பிடித்துவைக்காத மனிதர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: எங்கள் வாலிபர் சங்கத்தார் மழைக்காலத்தில் சாலையோரம் படுத்திருப்பவர்களுக்குப் போர்வை கொடுக்கிறோம். கொடுக்கும்போது எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இன்னும் பலர் பணம் அனுப்புவார்கள் என்கிறார்கள். போடலாமா? (ஒரு செயலாளர், திருச்சி)

பதில்: போட வேண்டாம். தர்மத்தை மனுஷர் காணும்படி செய்யாமல் அந்தரங்கமாகச் செய்ய வேண்டும் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களில் கர்த்தர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுவது தங்கள் கடமை என்பதால், எத்தனை போர்வை வாங்கினீர்கள், என்ன விலை, எந்தப் பகுதியில் கொடுத்தீர்கள் என்பதை ரசீதோடு எழுதி அனுப்புங்கள். உறங்க இடமின்றிக் கிடக்கும் ஒருவரின் முகத்தை ஊருக்குக் காட்டுவதற்கு, அவர் வாங்கிய போர்வை நமக்கு உரிமை கொடுப்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ச் சபையில் அசனப் பண்டிகையன்று எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுகிறோம். ஆனால் என் அக்காவின் திருமண விருந்துக்கு, எங்களோடு ஒரே சபையில் ஆராதிக்கும் வேறு சாதிக் குடும்பம் ஒன்றை அழைக்க வீட்டார் மறுக்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் என் நெருங்கிய நண்பன். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது அன்புக்கு விரோதமாகுமோ என்று தயங்குகிறேன். (ஒரு கல்லூரி மாணவர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: தம்பி, உங்கள் தயக்கத்தில் பெரியவர்கள்மேல் உள்ள பாசம் தெரிகிறது, ஆனால் நீங்கள் பேசாமலிருந்தால் அந்தப் பாசத்துக்கு விலை கொடுப்பவன் உங்கள் நண்பன் என்பதையும் பாருங்கள். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடனே அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகிப் பிரிந்தார். அவரைப் பார்த்து மற்ற யூதரும், கடைசியில் பர்னபாவும்கூட, அதே வழியில் இழுக்கப்பட்டார்கள். பேதுரு எதையும் தவறாகப் போதிக்கவில்லை, ஒருவரையும் திட்டவில்லை, சாப்பாட்டு இடத்தை மட்டுமே மாற்றிக்கொண்டார். அப்படியிருந்தும் பவுல் அதை வீட்டுப் பழக்கம் என்றோ ஊர் வழக்கம் என்றோ விட்டுவிடாமல், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாக மூத்த அப்போஸ்தலரையே கண்டித்தார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதில் சுவிசேஷமே அடங்கியிருக்கிறது என்று அவர் கண்டார்.

தமிழ்ச் சபைக்கு இது புதிய வழக்கும் அன்று. 1833-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாப் பேராயராக இருந்த டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். அதை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் ஆராதனையை விட்டு வெளியேறினார்கள். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பகுதி இருப்பதை அறியும்போது என் மனம் துக்கப்படுகிறது. ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற்று எழுந்து வந்த இரண்டு குடும்பங்கள், வீட்டு வாசலில் பிரிந்துபோவதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

ஆகையால் பேசுங்கள். ஆனால் பவுல் பகிரங்கமாகக் கண்டித்தார் என்பதற்காக, உறவினர் கூடியிருக்கும் இடத்தில் பாட்டியை வெட்கப்படுத்த வேண்டாம். அவர் பேதுருவைப் போலச் சபையை நடத்துகிற அப்போஸ்தலர் அல்லர். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன்பே தகப்பனாரோடு தனியாக உட்கார்ந்து, "அவர்களை விட்டுவிட்டு நாம் எந்த முகத்தோடு அடுத்த அசனத்துக்குப் போவோம் அப்பா?" என்று கேளுங்கள். அக்காவையும் மாப்பிள்ளையையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருமணம் அவர்களுடையது, அவர்களுடைய சொல் எடுபடும். வீட்டார் இணங்கினால் அழைப்பிதழைத் தபாலில் அனுப்பாமல், வெற்றிலை பாக்குத் தட்டோடு பெரியவர்கள் ஒருவரை அழைத்துக்கொண்டு நீங்களே நேரில் போய் வையுங்கள். இணங்காவிட்டால் நண்பனிடம் பொய்க் காரணம் எதுவும் சொல்லாமல் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவன் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானது, அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவர் நீங்கள். உங்கள் பெற்றோர் இந்தப் பகுதியை வாசிப்பார்களானால் அவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன்: மகன் உங்களை எதிர்க்கவில்லை, ஞாயிறுதோறும் நீங்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் உங்களிடம் திருப்பிக் கேட்கிறான்.

கேள்வி: அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் இந்து நண்பரின் மனைவி நெடுநாள் மருத்துவமனையில் இருந்தபோது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தும் அவருடைய வேலையைப் பகிர்ந்துகொண்டும் உதவினேன். "இந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிடாதே, இயேசுவைப் பற்றிச் சொல்" என்கிறார் எங்கள் ஜெபக்குழுத் தலைவர். எனக்கோ அது சரியாகப் படவில்லை. (ஒரு வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: தங்களுக்குப் பட்டதே சரி. கலிலேயாவுக்கும் சமாரியாவுக்கும் நடுவே குஷ்டரோகிகள் பத்துப் பேரைக் கர்த்தர் சுகமாக்கியபோது, திரும்பி வந்து அவர் பாதத்தில் விழுந்தவன் ஒருவன் மட்டுமே. மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவர் கேட்டார். ஆனால் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சுகமாக்குவதற்கு முன்பு, திரும்பி வருவாயா என்று ஒருவனிடமும் நிபந்தனை பேசவும் இல்லை. மனைவியின் கட்டிலருகே கலங்கி நிற்கிற மனிதருக்குக் கொடுத்த சாப்பாட்டை இன்று ஒரு காரியத்துக்கு முன்பணமாக மாற்றினால், நேற்றுக் கொடுத்ததையும் அவர் சந்தேகிக்கத் தொடங்குவார், அந்தச் சந்தேகம் நியாயமானதாகவே இருக்கும்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லும் 1876–78 பஞ்சத்தில், மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, வந்தவருக்கெல்லாம் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்ட சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். பிள்ளையவர்கள் கிறிஸ்தவராகவே இருந்தார், பாரதியாரும் சைவராகவே இருந்தார், அதனால் அந்தக் கஞ்சியின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. நண்பர் தாமாக, "நீங்கள் ஏன் இவ்வளவு செய்கிறீர்கள்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று பேதுரு எழுதும்போதும், கேட்பது மற்றவராகத்தான் இருக்கிறார். கேட்கும்வரை சாப்பாட்டுத் தூக்குவாளி போய் வரட்டும்.

கேள்வி: ஞாபகமறதி நோயால் படுக்கையில் இருக்கும் என் மாமியாரை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். இரவில் தூக்கமில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும்போது சில சமயம் எரிந்து விழுகிறேன், பிறகு அழுகிறேன். தயவு ஆவியின் கனி என்றால், என்னிடம் ஆவியானவர் இல்லையோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: அம்மா, பயப்படாதீர்கள். தங்களிடம் குறைவாயிருப்பது ஆவியானவர் அல்லர், தூக்கம். சூரைச்செடியின்கீழ்ச் சாக விரும்பிப் படுத்துக்கொண்ட எலியாவுக்குத் தேவன் முதலில் அனுப்பியது உபதேசம் அன்று. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் அனுப்பினார், உறங்க விட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். பிரயாணம் உனக்கு வெகுதூரம் என்று தூதன் அவரிடம் சொன்னதில் கண்டிப்பு எதுவும் இல்லை. சாப்பிடக்கூட நேரமில்லாதிருந்த சீஷர்களைத் தனியிடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைத்தவரும் நம் ஆண்டவரே.

எரிந்து விழுந்த பிறகு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். அவருக்கு அது நினைவில் நிற்காது என்பதற்காக விட்டுவிட வேண்டாம், அது தங்கள் மனப்பாரத்தையும் இறக்கும். கேட்டதையே அவர் மீண்டும் கேட்பது பிடிவாதத்தால் அன்று, நோயால். பதில் அவர் மனதில் தங்குவதில்லை, ஆகவே ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் கேள்விதான். இரவில் அவரைத் தூங்கவைக்க வழியுண்டா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பெற்ற தாயைக் கவனிப்பது கணவருக்கும் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் முதற்கடமை என்பதால், வாரத்தில் இன்னின்ன இரவுகள் இன்னாருடையவை என்று எழுதி, வீட்டார் எல்லாருக்கும் முன்பாகவே கேட்டு வாங்குங்கள்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில் மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து, இருபுறமும் நின்று சூரியன் அஸ்தமிக்குமட்டும் கைகளைத் தாங்கினார்கள். ஊக்கமாயிரு என்று தூரத்திலிருந்து அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இந்தச் சகோதரியைப் போல ஒவ்வொரு சபையிலும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத மருமகள்களும் மகள்களும் இருக்கிறார்கள். அவர்களை "ஆராதனைக்குக் காணோமே" என்று விசாரிப்பதோடு நிறுத்திவிடாமல், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருவர் இருவராக முறை வைத்து, வாரம் ஓர் பிற்பகல் அந்த வீட்டில் போய் உட்காருங்கள். அந்நேரம் ஜெபக்கூட்டம் நடத்த வேண்டாம், பாட்டும் வேண்டாம். அந்தச் சகோதரி பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.