மோட்டார் எரிந்துவிட்டது, இன்னொரு தவணை வாங்கலாமா?

கேள்வி: இட்லி மாவு விற்கிறேன். தினத்தவணையில் 10,000 ரூபாய் வாங்கினேன். கையில் கிடைத்தது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பாதி கட்டிய நிலையில் கிரைண்டர் மோட்டார் எரிந்துவிட்டது. அதே ஆளிடம் புதுத்தவணை வாங்கிப் பழசை அடைத்துவிட்டு, மீதியில் மோட்டார் மாற்றலாமா? கையில் ஒரு ஜோடி வளையல் இருக்கிறது. அடகு வைக்கக் கூச்சமாக இருக்கிறது.
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம் சகோதரி. அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், நீங்கள் கட்டுவது ஏறக்குறைய மாதம் பத்து வட்டி! வங்கி நகைக்கடனோ சுமார் ஒரு வட்டிதான். நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்தவள் நான். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள். கூச்சம் எதற்கு? மோட்டாருக்கு வேண்டிய தொகைக்கு மட்டும் அடகு வையுங்கள், முழு மதிப்புக்கும் வாங்காதீர்கள்.

பழைய தவணையை முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று கேளுங்கள். தள்ளுபடி இல்லையென்றால் அவசரப்பட்டு அடைப்பதில் ஒரு பைசா லாபமில்லை. 100 ரூபாயாகவே கட்டி முடியுங்கள். மிரட்டினால், 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், மாவைக் கடனுக்கு எடுக்கும் டிபன் கடைகள் இருந்தால் பாக்கியை இந்த வாரமே கேளுங்கள். மோட்டாரையும் உடனே மாற்றாதீர்கள். காயில் மட்டும் போயிருந்தால் ரீவைண்டிங் செய்தாலே ஓடும். முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.