பொம்பிடு மையம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கே: பாரிஸில் இருக்கும் இந்த மியூசியத்தை ஏன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று திட்டினார்கள்?

ப: பார்க்க அப்படித்தானே இருக்கிறது! 1977 ஜனவரியில் திறந்தபோது, பழைய கல் வீடுகளுக்கு நடுவே குழாயும் எஃகுமாக நின்றது. கட்டும்போதே வழக்கு போட்டார்கள். பக்கத்தில் லே ஆல் சந்தையின் பழைய இரும்புக் கொட்டகைகளை 1971-இல் இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கோபமும் இதன் தலையில் விழுந்தது.

கே: கலருக்கு அர்த்தம் உண்டா அண்ணா?

ப: வெளியே தெரிகிற குழாய்களில் நீலம் காற்று, பச்சை தண்ணீர், மஞ்சள் மின்சாரம், சிவப்பு ஆட்கள் ஏறி இறங்கும் வழி.

கே: சார், நான் சிவில் மூன்றாம் வருஷம். உள்ளே நடுத்தூணே இல்லையாமே, எப்படி?

ப: இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதான் இருந்தேன். தளத்தின் குறுக்கே சுமார் 45 மீட்டர் நீள ட்ரஸ்கள், அதாவது எஃகுச் சட்ட உத்தரங்கள், போகின்றன. அவற்றின் நுனியை நேராகத் தூண்மேல் வைக்கவில்லை. ஒவ்வொரு தூணிலும் தளத்துக்கு ஒன்றாக 'ஜெர்பரெட்' என்ற வார்ப்பு எஃகுக் கை கோத்திருக்கிறது. நீளம் எட்டு மீட்டர், எடை சுமார் பத்து டன். உள்பக்கக் குட்டை நுனியில் ட்ரஸ் உட்காருகிறது. வெளிப்பக்க நீள நுனியை ஒரு எஃகுக் கம்பி தரையை நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. நம் ஊர் ஏற்றம் மாதிரிதான்: ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் இழுப்பு, நடுவில் கால். வெளியே நீண்ட அந்த இடத்தில்தான் எஸ்கலேட்டர் ஓடுகிறது. ஓவ் அரூப் நிறுவனத்து பொறியாளர் பீட்டர் ரைஸின் கைவரிசை இது. படத்தைப் பார்த்துவிட்டு குழாய்தான் பாரம் தாங்குகிறது என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

கே: அந்தக் குழாய்கள் துருப்பிடித்தால் கட்டடம் விழாதா?

ப: விழாது. மேலே சிவில் மாணவருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்: பாரம் தாங்குவது குழாய் இல்லை.

கே: ரிச்சர்ட் ராஜர்ஸ் கட்டியதுதானே?

ப: ராஜர்ஸ், ரென்சோ பியானோ, ஜான்பிராங்கோ பிராங்கினி என்று மூன்று கட்டடக் கலைஞர்கள். 1971 போட்டியில் வந்த 681 வரைவுகளில் தேர்வானது இந்த மூவருடையது. மூன்றாவது பெயரை விழுங்குவதே எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது.

கே: தூணில்லை என்று பெருமை பேசுகிறீர்கள். ஓவியம் மாட்டச் சுவர் வேண்டாமா?

ப: வேண்டும். 1985-இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் கே அவுலென்ட்டி உள்ளே அறை அறையாகச் சுவர் எழுப்பினார்.

கே: (அதே நண்பர்) அப்போ தோற்றுப்போன கட்டடம்தானே?

ப: சுவர் எழுப்ப முடிந்ததே நடுவில் தூண் இல்லாததால்தான் ஐயா! வேண்டாமென்றால் நாளைக்கே எடுத்துவிடலாம். நீங்கள் பார்க்காத ஒன்று வெளியே இருக்கிறது. மனையில் ஏறக்குறைய பாதியைக் கட்டாமல் சதுக்கமாக விட்டார்கள். வித்தைக்காரனும் வேலையில்லாதவனும் உட்கார பாரிஸ் நடுவில் இலவச இடம். தோல்வி என்று சொல்வதானால் எஸ்கலேட்டரைச் சொல்லுங்கள். முதலில் யார் வேண்டுமானாலும் சும்மா ஏறி ஊரைப் பார்க்கலாம். 2000-இல் புதுப்பித்துத் திறந்தபோது டிக்கெட் வைத்தார்கள். அதில் எனக்கும் கோபம்தான், ஆனால் அது நிர்வாகத்தின் முடிவு, கட்டடத்தின் குற்றமில்லை.

கே: (இன்னொருவர்) எல்லாவற்றையும் வெயிலிலும் மழையிலும் விட்டதால்தானே அடிக்கடி மூடுகிறார்கள்?

ப: பராமரிப்புச் செலவு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2025-இல் மூடியதற்கு உடம்புக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸை அகற்றுவது முக்கியக் காரணம். அந்தக் காலத்தில் எங்கும் போட்ட சரக்கு அது.

கே: குழாய் தாங்குகிறது என்று ஒரு வீடியோவில்...

ப: இல்லை. இல்லை.

கே: அடுத்த வருஷம் போகிறோம். உள்ளே பார்க்கலாமா? விசா எப்படி?

ப: 2030 வரை மூடியிருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள், வெளியே நின்றுதான் பார்க்க முடியும். விசாவைப் பயணக் குழுவில் கேளுங்கள்.