வாசகர் கேள்வி – பதில்: ஐப்பசி மழையில் பேய்ப்படம்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. துலா முழுக்கைப் பற்றியும் தீபாவளி லேகியத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், சில ஆண்டுகளாக, அக்டோபர் 31 அன்று இரவு பார்ப்பதற்கு நல்ல பேய்ப்படம் எது என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சென்னையில் வசிக்கும் என் பேத்தி, விடுமுறைக்கு வரும்போது ஹாலோவீன் இரவில் என்னோடு சேர்ந்து பேய்ப்படம் பார்க்க வேண்டும் என்கிறாள். பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைக்கும் இந்த வழக்கத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

பதில்: பூசணிக்காய்க்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லத் துணிவில்லை, ஐயா. திருஷ்டிப் பூசணிக்காயில் உருட்டு விழியும் மீசையும் வரைந்து வாசலில் தொங்கவிடுகிறவர்கள் நாம்தானே! அயர்லாந்துக்காரர்கள் முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கைத்தான். அமெரிக்காவில் குடியேறிய பிறகு, அங்கே தாராளமாகக் கிடைத்த பூசணி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாள் கணக்கும் நமக்குப் புதிதன்று. நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் பெருவிழா. அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். மறுநாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று மாலை நம் பக்கத்துக் கல்லறைத் தோட்டம் எதையாவது கடந்து போனால், புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளின் மேல் சாமந்தியும் மெழுகுவத்தியுமாக இருக்கும். பிள்ளைகள் நடுவே ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். செத்தவர்களை நினைக்கும் நாளில் பயத்துக்கு இடமில்லை என்பதுபோல் இருக்கும் அந்தக் காட்சி.

பேய் விஷயத்தில் காவிரிப் படுகைக்காரர்கள் யாரிடமும் கடன் வாங்கும் நிலையில் இல்லை என்பதையும் பேத்தியிடம் சொல்லுங்கள். காரைக்கால் அம்மையார் தம் பாடலில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். திருவிடைமருதூரில் வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரமகத்தி (அந்தணரைக் கொன்ற பாவம் பேயாகத் தொடர்வது), கிழக்கு வாசலைத் தாண்டி உள்ளே வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது என்றும், அரசன் மேற்கு வாசல் வழியாக வெளியேறித் தப்பினான் என்றும் தலபுராணம் சொல்கிறது. அதனால் இன்றைக்கும் கிழக்கு வாசலில் நுழைந்தவர்கள் அதே வழியாகத் திரும்புவதில்லை. அது இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது என்பதுதான் அந்தக் கதையின் முழு பயமும். நான் பார்த்த நல்ல பேய்ப்படங்கள் எல்லாம் ஏதாவது ஒரு வாசலில் இப்படி ஒன்றை நிற்க வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு நகர்கின்றன. படத்துக்கு நடுவில் மின்சாரம் போனால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: தோழிகள் நான்கு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்து படிக்கிறோம். அன்றைய இரவுக்கு ஒரே ஓர் ஆங்கிலப் படம் சொல்லுங்கள். ரத்தம் அதிகம் வேண்டாம்.
– கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

பதில்: அந்த நாளின் பெயரையே தலைப்பாகக் கொண்ட, ஜான் கார்பென்டர் 1978-இல் இயக்கிய 'ஹாலோவீன்' படத்தைப் பாருங்கள். கொலைகள் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ரத்தம் இல்லை. பெரிய முதலும் இல்லாமல் எடுத்த படம் அது. கொலைகாரன் அணியும் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகச்சாயலில் கடையில் விற்றதை வாங்கி, வெள்ளைச் சாயம் அடித்து, கண் துளைகளைப் பெரிதாக்கியது. கதை நடப்பது இல்லினாய் மாநிலத்து இலையுதிர் காலத்தில். படம் பிடித்ததோ தென் கலிபோர்னியாவின் வசந்தத்தில். எனவே இலைகளுக்குப் பழுப்புச் சாயம் பூசித் தெருவில் இறைத்து, காட்சி முடிந்ததும் அவற்றையே பொறுக்கி எடுத்துப்போய் அடுத்த காட்சிக்கு மறுபடியும் இறைத்தார்கள். அறுவடைக் களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளுகிறவர்களுக்கு இந்தச் சிக்கனம் புரியும்.

இசையும் கார்பென்டருடையதுதான். அந்தப் பியானோ மெட்டு ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. திருவையாற்றுப் பக்கத்து வாசகர்களுக்குக் கண்டம் என்று சொன்னால் போதும். மற்றவர்கள் தொடையில் தட்டிப் பார்க்கலாம். நான்கில் முடிந்துவிடும் என்று காது எதிர்பார்க்கிற இடத்தில் இன்னொரு தட்டு வந்து விழுகிறது. யாரோ உங்கள் பின்னால் ஓர் அடி கூடுதலாக நடந்து வருவதைப் போன்ற உணர்ச்சி அதனால்தான் உண்டாகிறது.

பார்க்கும்போது திரையின் நடுவை விட்டுவிட்டு ஓரங்களைக் கவனியுங்கள். பட்டப்பகலில், கொல்லைப்புறத்துக் கொடியில் துணிகள் காற்றில் ஆட, அவற்றுக்கு நடுவே அந்த முகமூடிக்காரன் சும்மா நிற்கிறான். ஜன்னலிலிருந்து பார்க்கும் பெண் மறுமுறை பார்க்கும்போது துணிகள் மட்டும் ஆடுகின்றன. நான் முதன்முதலில் இதைப் பார்த்த இரவில், எங்கள் கொல்லைக் கொடியில் மழைக்கு எடுக்க மறந்துபோன வெள்ளை வேட்டி ஒன்று கிடந்தது. அதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை. படத்தைப் போடுவதற்கு முன்பே துணியை எடுத்து மடித்து வைத்துவிடுங்கள்.

இன்னும் பழையது வேண்டுமென்றால் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' இருக்கிறது. 1960-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். குளியலறைக் காட்சியில் ஓடுவது ரத்தமன்று, சாக்லேட் பாகு. படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று அவர் கட்டளையிட்டார். எழுத்துப் போட்டு முடித்த பிறகே போண்டாவோடு உள்ளே நுழையும் நம் ஊர் வழக்கத்தை அவர் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

கேள்வி: 'சந்திரமுகி' சிறந்ததா, 'மணிச்சித்திரத்தாழ்' சிறந்ததா என்று எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. கணவர் தமிழின் பக்கம். நான் தஞ்சாவூரில் பிறந்தவள் என்பதாலேயே மலையாளத்தின் பக்கம். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் அந்தப் பக்கம் நிற்பதற்குக் காரணம் உண்டு, அம்மா. ஃபாசில் இயக்கி 1993-இல் வந்த மலையாளப் படத்தில், பூட்டிய அறைக்குள் இருக்கும் நாகவல்லி உங்கள் ஊர்க்காரி. தஞ்சாவூரிலிருந்து கேரளத்துத் தறவாட்டுக்கு, அதாவது பூர்வீகப் பெருவீட்டுக்கு, கொண்டுபோகப்பட்ட நடனக்காரி. இது கதாசிரியரின் வெறும் கற்பனையாகவும் தோன்றவில்லை. நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் இருந்தவர்; அந்தப் பாதையில் நாட்டியமும் பாட்டும் போய்க்கொண்டுதான் இருந்தன. (தமிழ்ப் படத்திலும் ஒரு வடிவேலு இருக்கிறார், அவர் செய்த காரியம் வேறு.)

கதாநாயகி கங்காவுக்குள் நாகவல்லி எழும்போது அவள் பேசுவது தமிழ். மலையாள ரசிகர் பயந்து நடுங்கியது நாம் அன்றாடம் காய்கறி வாங்கப் பயன்படுத்தும் மொழியைக் கேட்டுத்தான். அதே கதையைப் பி. வாசு 2005-இல் தமிழில் எடுத்தபோது, தமிழ் பேசும் பேயால் தமிழர்களைப் பயமுறுத்த முடியாது என்பதால், நடனக்காரியை ஆந்திரத்திலிருந்து வரவழைத்துத் தெலுங்கு பேசவைத்தார். 2007-இல் இந்திக்குப் போனபோது அவள் வங்காளி ஆகிவிட்டாள். பேய் எப்போதும் அடுத்த ஊர்ப் பேச்சைத்தான் பேசும் போலிருக்கிறது. நமக்குப் பாதி புரிந்து பாதி புரியாமல் போகும் மொழியில்தான் பயம் இருக்கிறது. முழுவதும் புரிந்தால் அது வசனம், சுத்தமாகப் புரியாவிட்டால் அது வெறும் சத்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறாராகப் பார்த்தால் இரண்டுமே பேய்ப்படங்கள் அல்ல. மனநோய் என்று மருத்துவர் விளக்கிவிடுகிறார். பேய் ஓட்டுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நடக்கிறது. இருந்தும் பயம் போவதில்லை. வெளியே கிளம்பத் தயாராகும் மனைவியைக் கணவன் போக வேண்டாம் என்று தடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கெஞ்சலாகத் தொடங்குகிற குரல் ஒரு சொல்லில் தடிக்கிறது, கண் நிலைகுத்துகிறது, கட்டிலின் ஒரு பக்கத்தைக் கையால் அப்படியே தூக்கிவிடுகிறாள். அறையில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. புகையும் இல்லை, ஊளையும் இல்லை. மலையாளத்தில் கங்காவாக நடித்த ஷோபனா அங்கே குரலை முந்திக்கொண்டு தோளைத் திருப்புகிறார்; அது நாட்டியம் படித்த உடம்பு செய்கிற வேலை. அவருக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயமே. தமிழில் அதே வேடத்தில் நடித்த ஜோதிகாவின் விழிகளும் சாதாரணமானவை அல்ல. ஆனால் தமிழ்ப் படத்தில் ஒரு பெரிய கதாநாயகனுக்கு ஒதுக்க வேண்டிய நேரம் போக மிச்சமிருந்த நேரம்தான் அவருக்குக் கிடைத்தது. விருந்தாளிகள் கூடியிருக்கும் தீபாவளிப் பகலுக்குத் தமிழ், மழை பெய்யும் இரவுக்கு மலையாளம் என்பது என் தீர்ப்பு. உங்கள் கணவர் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: தமிழில் பேய்ப்படம் என்றாலே சிரிப்புப் படம் என்று ஆகிவிட்டதே, ஏன்?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: 2007-இல் 'முனி', 2011-இல் 'காஞ்சனா', 2014-இல் 'அரண்மனை' என்று வரிசையாகக் கல்லா நிரம்பியதால். பாட்டி முதல் பேரன் வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் படத்தில், பயத்துக்குப் பின்னால் உடனே ஒரு சிரிப்பை வைத்தால்தான் டிக்கெட் குடும்பத்தோடு விற்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிரிப்பில்லாத பயமும் தமிழில் உண்டு. 2009-இல் விக்ரம் குமார் இயக்கிய 'யாவரும் நலம்' படத்தில், புதிய அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவனுக்கு மட்டும் மின்தூக்கி வேலை செய்யாது. அந்த வீட்டில் பால் தினமும் திரிந்துபோகும். வீட்டுப் பெண்கள் விடாமல் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் நடப்பதெல்லாம் அவர்கள் குடும்பத்திலேயே நடக்கத் தொடங்கும். பால் திரிவதில் பயம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவருக்கு நம் வீடுகளைத் தெரிந்திருக்கிறது. 2012-இல் வந்த 'பீட்சா'வும் அப்படித்தான். அதன் கதையைச் சொல்கிறவர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகன் பேய்ப்படம் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அனுமதிக்கலாமா?
– இல்லத்தரசி, திருத்துறைப்பூண்டி

பதில்: முதலில் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். முன்பு மொத்தமாக யு/ஏ என்று இருந்ததை இப்போது 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். 13 என்றும் 16 என்றும் போட்டிருந்தால் அவனுக்கு இப்போது வேண்டாம். ஏழு என்று இருந்தால், பகலில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அன்று இரவு கொல்லைப்புறத்துக்குத் தனியாகப் போகச் சொல்லாதீர்கள். துணைக்கு வரச் சொன்னால் கேலி செய்யாதீர்கள். வீட்டில் அண்ணன் இருந்தால் அவனையும் எச்சரித்து வையுங்கள். படத்தைவிட, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அண்ணன்கள்தான் குழந்தைகளை அதிகம் கெடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: வெளியே கொட்டும் மழைக்குப் பொருத்தமாக ஒரு தமிழ்ப் படம்?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: அறிவழகன் இயக்கிய 'ஈரம்', 2009. அதில் பேய்க்கு உருவம் தண்ணீர். ஓடு ஒழுகும் வீட்டில், சொட்டுக்குக் கீழே அண்டாவை வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் படம் சொல்கிறீர்களே, உங்களை உண்மையாகவே நடுங்கவைத்த படம் எது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இன்று பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 1966-இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்து வந்த 'யார் நீ'. வெளிவந்து வெகுகாலம் கழித்து, பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் அதைப் போட்டார்கள். அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். ஒரே புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. விளக்கு எரிந்ததும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். வெள்ளைச் சேலையில் அந்தப் பெண் வர, பி. சுசீலாவின் குரலில் 'நானே வருவேன்' என்ற பாட்டு கேட்கும்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. முறுக்கு விற்கும் பையன்கூடத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான்.

இரண்டாவது ஆட்டம் முடிந்து நானும் அப்பாவும் குடமுருட்டிக் கரை வழியாக நடந்தோம். மழை விட்டிருந்தது. தவளைச் சத்தம் காதை அடைத்தது. மதகுக்குப் பக்கத்தில் வந்தபோது தவளைகள் திடீரென்று வாயை மூடிக்கொண்டன; எங்களுக்குப் பின்னால், இருட்டிலிருந்து, அதே பாட்டு மெதுவாகக் கேட்டது. ஆண் குரலா பெண் குரலா என்று தெரியவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் கையும் என் தோளை இறுக்கியதை இன்றும் நான் மறக்கவில்லை. அதுவரை அவருக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. பாட்டு நெருங்கி வந்தது. கூடவே கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம். படப்பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கொட்டகை ஆபரேட்டர் வந்துகொண்டிருந்தார்; காலையில் அது வேறு ஊருக்குப் போயாக வேண்டுமாம். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டார். அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் கிடையாது.