சரக்கு குறைந்த வழக்கில் தண்டனை: அப்பீல் போகலாமா?

கேள்வி: என் அண்ணன் லாரி டிரைவர். ஏற்றிப்போன நூல் மூட்டைகள் குறைந்ததாக வந்த வழக்கில், இ.பி.கோ. 407-ல் (நம்பி ஒப்படைத்த சரக்கை ஏற்றிச் செல்பவர் கையாடும் குற்றம்) மாஜிஸ்திரேட் கோர்ட் 2 வருடம் கொடுத்துவிட்டது. இப்போது ஜாமீனில் இருக்கிறார். அப்பீல் போனால் தண்டனை கூடிவிடுமாமே? – வாசகி, நாமக்கல்

பதில்: கூடாதும்மா, தைரியமாகப் போடுங்கள். தண்டனை பெற்றவர் போடும் அப்பீலில் செஷன்ஸ் கோர்ட் தண்டனையைக் குறைக்கலாம், விடுதலை செய்யலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம், கூட்ட முடியாது. ஆனால் கெடு 30 நாள்தான். தீர்ப்பு நகல் இலவசம், உடனே வாங்குங்கள். அப்பீலோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் கட்டாயம் போகட்டும், ஏனென்றால் மாஜிஸ்திரேட் கொடுத்த ஜாமீன் அப்பீல் போடும் அவகாசத்துக்கு மட்டும்தான்.

அப்புறம் வக்கீலோடு உட்கார்ந்து சாட்சியங்களைப் படியுங்கள், கேஸின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 407-க்கு முதலில் சரக்கு அவரிடம் ஒப்படைக்கப்பட்டதையே நிரூபிக்க வேண்டும்: லோடு ஏற்றும்போது மூட்டையை எண்ணியது யார், லாரி ரசீதில் இருந்த எண்ணிக்கை என்ன, எடைச் சீட்டு கோர்ட்டில் ஆவணமாகக் குறிக்கப்பட்டதா? போலீஸிடம் "நான்தான் விற்றேன்" என்று சொன்னதாக எழுதியிருந்தால் அது சாட்சியமாகாது, அந்த வாக்குமூலத்தை வைத்துப் பொருள் கைப்பற்றப்பட்டிருந்தால் அதற்கு வழிகாட்டிய பகுதி மட்டுமே செல்லும், அதிலும் மகஜர் சாட்சி (பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவில் கையெழுத்துப் போட்டவர்) பிறழ்ந்திருந்தால், அதாவது போலீஸ் தரப்புக்கு மாறாகச் சொல்லியிருந்தால், அதை அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இந்த வாரமே மனு கொடுங்கள்.